கோப்பிக்கு மாற்றாகும் வேரும் விதையும்

மாத்தளை என்றதும் இக்காலத்தார் நினைவுக்கு வருவன மிளகும் கராம்பும் கொக்கோவும் ஏலமுமே. வாசனைத் திரவியத் தோட்டங்களைக் காண வரும் பிறநாட்டார் கண்டி வீதியோரத்தில் வாகனங்களை நிறுத்தி அவற்றையே பார்த்துச் செல்வர். ஆயின், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மாவட்டத்தின் பெயரை உலகச் சந்தைக்கு அறிவித்தது கோப்பி. அப்பயிருக்காகவே தென்னிந்தியத் தமிழர் பல்லாயிரவர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக வன்னிக் காட்டையும் வறண்ட நிலத்தையும் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் அவ்வழியிலே பலியானோர் எண்ணற்றவர். மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தை மலையக மக்கள் தம் வரலாற்றின் தலைவாசலாகப் போற்றுவதற்கு இப்பயணமே காரணமாகும்.

இத்துணை விலை கொடுத்து விளைவிக்கப்பட்ட பண்டத்துக்கு, வேலியோரத்துச் செடியின் வேரையும் விதையையும் வறுத்து மாற்றுப் பண்டம் ஆக்கிக்கொள்ளலாம் என்று கூறுதல் முதலில் வியப்பாகத் தோன்றலாம். எனினும் மேனாடுகளில் இது நெடுங்கால வழக்கம். நம் நாட்டிலும் இதற்கு இடமுண்டு, இடையூறும் உண்டு. அவ்விடையூறு உயிரைத் தொடுவதாதலின், இவ்விஷயத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

கோப்பி மனிதருக்குத் தருவன இரண்டு. ஒன்று ஊக்கம், மற்றது சுவையும் மணமும். ஊக்கம் தருவது கஃபீன் என்னும் பொருள். ஜெர்மானிய இரசாயன அறிஞர் ரூங்கே என்பார் 1819ஆம் ஆண்டளவில் அதனைக் கோப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். அவ்வாராய்ச்சிக்குக் கொட்டைகளைக் கொடுத்துத் தூண்டியவர் மகாகவி கதே என்பது இலக்கிய மாணவர்க்குச் சுவையான செய்தி. மணமும் நிறமும் கசப்பும் கலந்த சுவையும் பெரும்பாலும் வறுத்தலால் உண்டாவன. பச்சைக் கோப்பிக் கொட்டையை முகர்ந்து பார்ப்பவர்க்கு அதில் கோப்பி மணம் சிறிதும் தோன்றாது. வெப்பம் ஏற ஏற, கொட்டையிலுள்ள சர்க்கரைகளும் புரதக் கூறுகளும் ஒன்றோடொன்று கூடிப் பழுப்பு நிறமும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களும் பிறக்கின்றன. உரொட்டியின் மேற்புறம் சிவப்பதும் வெல்லப்பாகு கருகி மணப்பதும் இவ்வினத்து மாற்றங்களே.

இதனால் ஓர் உண்மை பெறப்படும். சர்க்கரையோ மாவோ செறிந்த எந்த வேரையும் விதையையும் பக்குவமாக வறுத்தால் கோப்பியை நினைவூட்டும் சுவை ஓரளவு கிடைக்கும். ஆனால் கஃபீனை வறுத்துப் பெறல் இயலாது; அது செடியிலேயே இருத்தல் வேண்டும். ஆகவே இங்கே நாம் பேசப்புகும் மாற்றுக் கோப்பிகள் யாவும் நாவுக்குக் கோப்பி, நரம்புக்கு அல்ல. இரவிலே நித்திரை குறைந்தவர்க்கு இதுவே இலாபம். பரீட்சைக் காலத்தில் விழித்திருந்து படிக்கக் கருதும் மாணவர்க்கோ இதனாற் பயனில்லை.

மேனாட்டில் இவ்வழக்கம் பரவியதற்கு வறுமையைப் போலவே அரசியலும் காரணமாயிற்று. பிரசிய மன்னர் இரண்டாம் பிரெடரிக், கோப்பிக்காக நாட்டுச் செல்வம் வெளியேறுவதைப் பொறாதவராய், 1781இல் கோப்பி வறுத்தலை அரசின் தனியுரிமை ஆக்கினார். தெருத்தெருவாகச் சென்று வறுவல் மணம் வரும் வீட்டை முகர்ந்து கண்டுபிடிப்பதற்கு ஆட்களையும் நியமித்தார். மூக்கையே உத்தியோகமாகக் கொண்ட அவர்களை மக்கள் வெறுத்ததில் வியப்பில்லை. பின்னர் 1806இல் நெப்போலியன் பிரித்தானிய வாணிகத்தைத் தடைசெய்தபோது ஐரோப்பாவிற் கோப்பி அரிதாகவே, சிக்கரி என்னும் செடியின் வேர் அதன் இடத்தைப் பிடித்தது. தடை நீங்கிய பின்னரும் அச்சுவை மக்கள் நாவை விட்டு நீங்கவில்லை.

இங்கே மாத்தளைக்கும் இலண்டனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1850ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பிரித்தானியர் அருந்திய கோப்பியிற் பெரும்பகுதி இலங்கையிலிருந்து சென்றது. அப்போது ஆதர் ஹசால் என்னும் மருத்துவர் இலண்டன் கடைகளில் விற்ற கோப்பித்தூளை வாங்கி உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். பெரும்பாலானவற்றில் சிக்கரி வேர் கலந்திருந்ததைத் தாவர உயிரணுக்களின் அமைப்பைக் கொண்டே அவர் காட்டினார். தூளாகிய பின்னரும் வேரின் கலம் வேராகவே தோன்றும். கொட்டையின் கலம் கொட்டையாகவே தோன்றும். உணவுக் கலப்படத்துக்கு எதிரான சட்டங்கள் இங்கிலாந்தில் எழுவதற்கு இத்தகைய ஆராய்ச்சிகளே அடிகோலின. தென்னிந்தியாவில் இன்று சிக்கரி கலந்த கோப்பியை மக்கள் விரும்பியே வாங்குகின்றனர். அங்குக் கலவையிற் கோப்பி 51 வீதத்துக்குக் குறையலாகாது என்பது விதி. மறைத்துக் கலப்பது வஞ்சனை. அளவைச் சொல்லிக் கலப்பது வாணிகம்.

சிக்கரியின் உறவினமே டன்டேலியன். சிங்கத்தின் பல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொற்றொடரிலிருந்து வந்தது இப்பெயர். இலையின் விளிம்பு பற்களைப் போல் வெட்டுண்டிருப்பதே காரணம். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, மஞ்சட் பூவும், காற்றிற் பறக்கும் பஞ்சு விதையும், ஆழ இறங்கும் ஆணிவேரும், முறித்தால் வடியும் பாலும் உடையது. குளிர்நாட்டுப் புற்றரைகளில் இதனைக் களையென்று பிடுங்கி எறிவோரும் உளர். அதன் வேரையே தோண்டி வறுப்போரும் உளர்.

பனிக்காலத்தில் இலை கருகினாலும் செடி மீண்டும் தளிர்க்கவேண்டும். ஆதலால் இலையுதிர் காலத்திலேயே உணவைச் சேமித்து வேரிற் புதைத்துக்கொள்ளுகின்றது. அவ்வுணவு மரவள்ளியிலும் உருளைக்கிழங்கிலும் உள்ள மா அன்று. இனுலின் என்னும் வேறொரு பொருள். பழச்சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிபோற் கோவையுற்று ஆயது அது. 1804இல் வாலன்டின் ரோஸ் என்னும் ஜெர்மானியர் இதனை வேறொரு செடியின் வேரிற் கண்டார். வறுக்கும்போது இச்சங்கிலி அறுந்து பழச்சர்க்கரை வெளிப்படுகின்றது. அது மிக எளிதிற் சிவந்து பாகாகிக் கருகும் இயல்பினது. இனிப்பும் கருகலும் வேரின் இயற்கைக் கசப்பும் கூடுமிடத்திற் கோப்பியின் சாயல் பிறக்கின்றது.

செய்முறை கடினமன்று. இலையுதிர் காலத்தில் இரண்டாண்டு வளர்ந்த தடித்த வேரைத் தோண்டுவர். மண் போகக் கழுவுவர், தோலைச் சீவுவதில்லை. விரற்கணு அளவிலும் சிறிதாக, ஒரே பருமனாக நறுக்குவர். பருமன் வேறுபட்டால் சிறியது கரியாகும். பெரியது உள்ளே ஈரமாகவே நிற்கும். வெயிலிலோ இளஞ்சூட்டு அடுப்பிலோ முறியும் பதம் வரும்வரை உலர்த்தியபின், மெல்லிய தீயில் கிளறிக் கிளறி வறுப்பர். முதலில் மண்மணமும், பின்பு உரொட்டி சுடும் மணமும், இறுதியிற் கொக்கோவை ஒத்த மணமும் எழும். துண்டொன்றை முறித்துப் பார்த்தால் உள்ளும் புறமும் ஒரே கபில நிறமாக இருத்தல் வேண்டும். அதற்கப்பாற் சென்றால் சாம்பற் சுவைதான் மிஞ்சும். பச்சை வேரில் முக்காற் பங்குக்கு மேல் நீராதலால், ஒரு கிலோ வேரிலிருந்து காற் கிலோ தூள்கூடத் தேறாது. வடிகட்டியில் வெந்நீர் ஊற்றுவது இதற்குப் போதாது. ஐந்து முதல் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தாலே சாறு இறங்கும். பித்தநாள அடைப்பு உள்ளவர்களும், சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள் ஒவ்வாதவர்களும், சிறுநீர் பெருக்கும் மருந்து உண்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதனை அருந்தலாகாது.

இனி மாத்தளைக்கு வருவோம். உக்குவளையிலும் கலேவலையிலும் டன்டேலியனைத் தேடிப் பயனில்லை. அது குளிரை விரும்பும் செடி. அவ்வாறாயின் இம்மாவட்டத்திற் கோப்பிக்கு மாற்று எது?

அதற்குமுன் கோப்பியே எங்கே போயிற்று என்னும் வினாவுக்கு விடை கூறவேண்டும். 1869இல் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படர்ந்த ஒரு நோய் இலங்கையிற் கண்டறியப்பட்டது. அதன் காரணம் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சணம். நாசம் விளைப்பது என்னும் பொருளை அப்பெயரிலேயே அறிஞர் வைத்துவிட்டனர். இலையுதிர்ந்த செடி காய்க்கவில்லை, காய்த்ததும் முற்றவில்லை. மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் 1880 முதல் 1882 வரை இங்குத் தங்கி அந்நோய் காற்றாற் பரவும் முறையைத் தெளிவுபடுத்தினார். ஆயின் மருந்து கிட்டவில்லை. கோப்பியை ஏற்றிச் செல்வதற்கென்றே கருதப்பட்ட புகையிரதப் பாதை 1880இல் மாத்தளையை வந்தடைந்தபோது, ஏற்றுவதற்குரிய பண்டம் அழிந்துகொண்டிருந்தது. பின்னர்த் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அவ்விடங்களை நிரப்பின. இருப்பினும் கோப்பி அடியோடு மறையவில்லை. நோயைப் பெரிதும் தாங்கும் ரொபஸ்டா இனம் பிற்காலத்தில் வந்தது. இன்றும் இரத்தோட்டைப் பகுதி வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடிக்கும் கமுகுக்கும் இடையே கோப்பிச் செடி நிற்கக் காணலாம். ஆகவே இங்கு மாற்றுக் கோப்பி என்பது, கோப்பியே இல்லாமையாற் பிறந்தது எனல் பொருந்தாது. சிக்கனமும் உடல்நலமும் பழக்கமும் சேர்ந்து வளர்த்தது.

அவற்றுள் எல்லா வீட்டாரும் அறிந்தது மல்லிக் கோப்பி. கொத்தமல்லி நான்கு பங்கு, வேர்க்கொம்பு ஒரு பங்கு, மிளகு சிறிது எடுத்துக்கொள்க. மல்லியைத் தாச்சியில் இட்டு மணம் எழுந்து நிறம் மாறும்வரை வறுத்தபின், தட்டிய வேர்க்கொம்பையும் மிளகையும் சேர்த்துச் சூடேற்றி, ஆறவிட்டு உரலில் இடித்து அரித்தெடுக்கலாம். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது மலைநாட்டு முறை. பனங்கட்டியோடு குடிப்பது யாழ்ப்பாணத்தார் முறை. எது சிறந்தது என்னும் வழக்கில் இக்கட்டுரையாளர் தீர்ப்புக் கூறப்போவதில்லை. மிளகு மாத்தளையில் விளைய, கொத்தமல்லியிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே வருகின்றது என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று. சிக்கனம் கருதிச் செய்யும் மாற்றுக்கும் கப்பல் வரவேண்டியிருக்கின்றது.

மாவட்டத்தின் வடபால், தம்புள்ளை, சீகிரியா ஆகிய வறண்ட பகுதிகளில் வேறு பானங்கள் உள. சிங்கள மக்கள் ரணவரா என்று வழங்கும் ஆவிரையின் பூவை உலர்த்தி நீரிற் கொதிக்கவைத்து அருந்துவர். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் தொகுத்த மலர்களுள் ஆவிரையும் ஒன்று. வில்வம்பூவை உலர்த்திச் செய்யும் பெலிமல் பானமும், இரமுசு எனப்படும் நன்னாரி வேரின் கஷாயமும் இவ்வாறே. நன்னாரி வேர் வனிலாவை ஒத்த நறுமணம் உடையது. வேர்ப்பானம் என்ற அளவில் டன்டேலியனுக்கு உறவாக நம்மிடம் உள்ளது இதுவே. ஆயின் இவற்றைக் கோப்பி எனல் பொருந்தாது. வறுத்துக் கருகச்செய்தால் நன்னாரியின் மணமே போய்விடும்.

வறுத்துக் கோப்பியைப்போல் ஆக்குவதற்கு ஏற்ற காட்டுப் பொருள் இங்கு ஒன்றுதான் எனலாம். அது தகரை விதை. பெத்தி தோர என்று சிங்களத்தில் வழங்கும் இச்செடி மழைக்குப்பின் தரிசு நிலமெங்கும் முளைக்கின்றது. இதன் இளந்தளிரை நம்மவர் வறையாகவும் சிங்களவர் மல்லுமாகவும் உண்பர். சீனரும் கொரியரும் இவ்வினத்து விதையை வறுத்து ஊறவைத்துக் குடித்தல் பழைய வழக்கம். காய் முற்றிச் செடியிலேயே உலர்ந்தபின் பறித்து, அடித்து, சுளகிற் புடைத்து, கல்லும் பிற விதையும் நீக்கி, மெல்லிய தீயில் வறுக்கவேண்டும். விதையின் பளபளப்பு மங்கி, கோப்பி மணம் எழும்போது இறக்கி, ஆறியபின் இடித்தல் வேண்டும். விதையிலே பசைப்பொருள் மிகுதியாதலால் நீர் சற்றுக் குழகுழப்பாக இருக்கும். தூளைக் குறைத்துக்கொண்டால் அது தோன்றாது. குடலை இளக்கும் கூறுகள் இதில் இருப்பதால், நாள்தோறும் அருந்துவதும் கருவுற்ற பெண்களுக்குக் கொடுப்பதும் தவிர்க்கவேண்டியவை. ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டித் தூள் போதும்.

இவ்விடத்தேதான் நாம் முன்னர்க் குறித்த இடையூறு நிற்கின்றது. தகரைக்கு உடன்பிறந்தாற்போல ஒரு செடி உண்டு. பேயாவிரை என்றும், சிலவிடங்களிற் பொன்னாவிரை என்றும், சிங்களத்தில் பெனி தோர என்றும் அதனை வழங்குவர். ஊருக்கு ஊர் இப்பெயர்கள் மாறிவருவதும், சில இடங்களில் அதனையே தகரை என்று சொல்வதும் குழப்பத்தை மிகுவிக்கின்றன. ஆபிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இதன் விதையைக் கோப்பியாக வறுத்துக் குடித்தனர் என்று பயிர்நூல்கள் எழுதின. ஒரு நூலைப் பார்த்து மற்றொரு நூல் எழுதுதல் உலக வழக்கமாதலால், நல்ல கோப்பிப் பிரதி என்ற புகழ் அச்செடிக்கு நிலைத்துவிட்டது.

உண்மை வேறு. இவ்விதையைத் தின்ற மாடுகளும் பன்றிகளும் தசை அழிந்து விழுந்தமையைக் கால்நடை வைத்தியர் முன்னரே அறிந்திருந்தனர். உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் ஆண்டுதோறும் சிறு குழந்தைகள் திடீரென மயங்கி இறந்தனர். அது மூளைக்காய்ச்சல் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. குழந்தைகள் விளையாட்டாகப் பேயாவிரைக் காயை உரித்துத் தின்றதே காரணம் என்பதனை இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஈரலும் தசையும் மூளையும் ஒருங்கே தாக்கப்படுகின்றன. 2016இல் ஒடிசாவின் மால்கான்கிரி மாவட்டத்தில் குழந்தைகள் பலர் இறந்தபோதும் ஐயம் இச்செடியின்மேல் விழுந்தது. வறுத்தால் நஞ்சு குறையும் என்பர். குறையலாம், ஆனால் வீட்டுத் தாச்சியில் ஒவ்வொரு விதைக்கும் ஒரே வெப்பம் எட்டியதென்று உறுதிகூற வல்லார் யார்? கோப்பிச் சுவைக்காக ஏற்கத்தக்க ஆபத்தன்று இது. பேயாவிரையை அறவே விலக்குதலே முறை.

ஆகவே இரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. கசக்கினால் துர்நாற்றம் வீசுவது பேயாவிரை என்று சிலர் கூறுவர், அதனை நம்பலாகாது. தகரை இலைக்கும் நாற்றம் உண்டு. இலையை எண்ணிப் பார்ப்பதே நல்வழி. தகரையின் ஒவ்வோர் இலைக்காம்பிலும் சிற்றிலைகள் பெரும்பாலும் மூன்று இணை. நுனி அகன்று உருண்டிருக்கும். பேயாவிரையிற் சிற்றிலைகள் நான்கு முதல் ஆறு இணை. நுனி கூராக இருக்கும். தகரைக் காய் மெலிந்து நீண்டு வளைந்து ஊசிபோன்றது. பேயாவிரைக் காய் தட்டையாக, மேல்நோக்கிச் சற்றே வளைந்து, நடுவிற் கபிலமும் ஓரங்களில் வெளிறிய கரையும் உடையது. தகரை விதை சாய்வாக வெட்டிய சிறு கட்டைபோல் முனைகளுடன் மின்னும்; மற்றது தட்டையான முட்டை வடிவினது. இலை, காய், விதை ஆகிய மூன்றும் ஒத்தாலன்றிப் பறித்தல் கூடாது. இலை உதிர்ந்து காய் மட்டும் நிற்கும் செடியைத் தொடாது விடுக. பிறர் பறித்துக் கொடுத்த வெறும் விதையைக் கொண்டு கோப்பி செய்வது அறிவுடைமையன்று. தாவரவியல் படிக்கும் நம் மாணவர் இவ்விரு செடிகளையும் உலர்த்தி ஒரே தாளில் அருகருகே ஒட்டி ஆய்வுகூடச் சுவரில் வைப்பாராயின், பாடநூலின் பல பக்கங்களினும் அது பயன்படும்.

பறிக்கும் இடத்தையும் நோக்கவேண்டும். பெருவீதி ஓரத்துச் செடியில் வாகனப் புகையின் படிவு உண்டு. தோட்டங்களிலும் வயலோரங்களிலும் களைநாசினி தெளிப்பது வழக்கம்; தெளித்த நிலத்துச் செடி பார்வைக்குச் செழித்தே தோன்றக்கூடும். நக்கிள்ஸ் மலைக்காடு காப்புக்காடாகும். 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த இலங்கை மத்திய உயர்நிலங்களின் ஒரு பகுதியுமாகும். அங்கு வேரொன்றைத் தோண்டுதலும் குற்றம். நன்னாரி போன்றவற்றை வீட்டு முற்றத்தில் நட்டுக்கொள்ளுதல் இயலும். விதை பறித்தால் செடிக்கு நட்டமில்லை. வேர் பறித்தால் செடியே போயிற்று.

வறுத்து இடித்த தூளை நன்றாக ஆறவிட்டுக் காற்றுப் புகாத போத்தலில் அடைத்து வைக்கலாம். மலைநாட்டு ஈரக்காற்றில் திறந்து வைத்தால் ஓரிரு வாரத்திற் கட்டிபட்டுப் பூஞ்சணம் பற்றும். பூஞ்சணம் பற்றியதை மீள வறுத்துப் பயன்படுத்துவது தகாது. போத்தலின்மேல் செடியின் பெயரும் பறித்த இடமும் நாளும் எழுதிய துண்டொன்றை ஒட்டுவதோடு, அரைக்காமல் வைத்த விதையில் ஒரு பிடியையும் தனியே காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்க. வீட்டில் எவர்க்கேனும் வயிறு வலித்து வாந்தியெடுத்து மயக்கம் வருமாயின், அப்பிடி விதையையும் எடுத்துக்கொண்டே ஆசுபத்திரிக்குச் செல்லவேண்டும்.